பார்த்தேன், சரி

4 ஜூன்

நாத்தனார் அவர்களுக்கு,

கடவுள் அருளால் இங்கே எல்லாரும் நலம், கம்ப்யூட்டரைத் தவிர.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த வீட்டுச் சுவர் மெல்லியது. அடுத்த அறையில் உங்கள் அம்மா இருக்கிறார்கள், கூடத்தில் உங்கள் சின்னண்ணன் இருக்கிறார். அதோடு, போனில் பேசியதை நாளைக்கு “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று யாரும் சொல்லிவிடலாம். கடிதத்தில் அது நடக்காது.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று, பெட்டியெல்லாம் வாசலுக்குப் போன பிறகு, “அண்ணி, இது ரொம்பப் பழசா ஓடுது, ஆபத்து. உள்ளே இருக்கறதைப் புதுசாக்கிட்டுப் போயிடறேன்” என்று உட்கார்ந்தீர்கள். நான் கேட்கவில்லை. அடுப்பில் பால் இருந்ததால் தடுக்கவும் இல்லை. இயங்குதளம் என்று அதற்குப் பெயராம், கடைக்காரர் சொன்னார். அதை மாற்றினால் மேலே இருப்பதெல்லாம் ஆடும் என்றும் அவரே சொன்னார். நீங்கள் சொல்லவில்லை.

மறுநாள் பிரார்த்தனை முடித்து, கணக்கு எழுத உட்கார்ந்தேன். கணக்கு திறந்தது. தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது. ஆனால் எதற்கு, யாருக்கு என்று நான் தமிழில் எழுதிய அத்தனையும் போய், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டியிருக்கிறது. எதற்கென்று தெரியாத தொகையை வைத்துக்கொண்டு நான் யாருக்கு என்ன பதில் சொல்ல?

உங்கள் பெரியண்ணன் போன் செய்து சொன்னது உங்களுக்கும் தெரியும். “அம்மாவோட பென்ஷன் எங்கே போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். மாசக் கடைசியில வரேன். கணக்கைக் காட்டுங்க. காட்ட முடியலேன்னா அம்மாவைக் கூட்டிட்டுப் போய் எங்க பக்கத்துல இருக்கற முதியோர் இல்லத்துல சேர்த்துடறேன்.” அத்தையும் அதைக் கேட்டார்கள். தன் கட்டிலை ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போடச் சொன்னார்கள், அவ்வளவுதான். இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். எனக்குப் புரிந்தது.

பெரியவர் அப்படிச் சொன்னார். நீங்கள் அவர் வீட்டில் தங்கிவிட்டு இங்கே வந்தீர்கள். வந்தவர் போகும்போது கம்ப்யூட்டரைத் தொட்டீர்கள். கணக்கு போனது. எனக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சின்னண்ணனின் மனைவி


9 ஜூன்

அண்ணி,

கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். “நாத்தனார் அவர்களுக்கு” என்று பார்த்ததும் முகவரி மாறி வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டோமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் போகும்போது நீங்கள் கல்யாணமாகி வந்தீர்கள். அன்றிலிருந்து நான் ‘வாலு’. இப்போது ‘நீங்கள்’ ஆகிவிட்டேன். பதவி உயர்வுக்கு நன்றி.

பெரியண்ணன் வீட்டில் தங்கினேன், உண்மை. அவர் பையனுக்குக் கண் பரிசோதனை செய்ய வரச் சொன்னார். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்குச் சொந்தக்காரர்கள் வீட்டில் இலவச வேலைதான். அங்கே உங்கள் கணக்கைப் பற்றி அவர் பேசினார், நான் கேட்டேன். “அவ கம்ப்யூட்டர்ல என்ன வேணா எழுதுவா, யாரு பார்த்தா?” என்றார். “நானும் பார்க்கலை, நீங்களும் பார்க்கலை” என்றேன். உங்களுக்குப் பரிந்து பேசினேனா, அவருக்கா என்று அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

சரி, வரிசை என்று எழுதினீர்களே, என் பக்கத்து வரிசையையும் கேளுங்கள். அவர் கணக்கு கேட்கிறார். உடனே கணக்கு படிக்க முடியாமல் போகிறது. பழி வெளியூர்க்காரி மேல் விழுகிறது. ‘ரொம்ப சௌகரியமா இருக்கே’ என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது அண்ணி. எழுத்தில் எழுதிவிட்டேன், இனி இல்லை என்று சொல்ல முடியாது.

இப்போது வேலைக்கு வருவோம். கடைக்காரர் எதையும் அழிக்கவோ மறுபடி நிறுவவோ விடாதீர்கள். நகல் எடுத்து வைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டே, அந்தப் பென் டிரைவ் எங்கே? அதை எனக்கு அனுப்ப முடியுமா? முடியாவிட்டால் திரையில் தெரியும் குப்பையில் ஒரே ஒரு வரியை அப்படியே, புள்ளி விடாமல், கையால் எழுதி அனுப்புங்கள். எழுத்து தெரியவில்லை என்று வருகிறவர்களுக்கு எழுத்தைக் காட்டுவதுதான் என் பிழைப்பு.

வாலு
(அவர்கள்)


14 ஜூன்

நாத்தனாருக்கு,

சௌகரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைப் படித்த பிறகு குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு முறை போட்டேன். உங்கள் சின்னண்ணன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இந்த வீட்டில் யாரும் எதையும் வாய் திறந்து சொல்வதில்லை. அதுதான் தொல்லையே.

பென் டிரைவ் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அனுப்ப மாட்டேன். இருப்பது அது ஒன்றுதான். அதுவும் உங்கள் கைக்கு வந்து அங்கேயும் ஏதாவது ‘புதுசாகி’விட்டால் நான் எங்கே போவேன்? கோபப்படாதீர்கள், பட்டாலும் பரவாயில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, “அம்மா, இது வைரஸ் மாதிரித் தெரியலை. யாரோ ரகசியக் குறியீட்டுல எழுதியிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கறார்?” என்று கேட்டார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் உங்கள் சின்னண்ணனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். ரகசியம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்குச் சுறுசுறுப்பு இல்லை.

அத்தை வழக்கம்போல. நான் கடைக்குப் போய் வந்ததும் கட்டிலில் இருந்தபடி, “இன்னைக்கு என்ன வாங்கினே?” சொல்வேன். “எங்கே, காட்டு.” காட்டுவேன். பையிலிருந்து எடுத்து வைப்பதற்குள் கேள்வி வந்துவிடும். பிறகு போனை எடுத்து மூக்குக்கு நேரே வைத்துக்கொள்வார்கள். சீட்டு விளையாட்டு என்று நினைக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் ரயிலில் எத்தனை ஆயிரம் பேரை நிறுத்தி டிக்கெட் கேட்டிருப்பார்கள்! இப்போது கேட்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே பயணி நான்.

நீங்கள் கேட்ட வரி இதோ. எழுதும்போது கை கூசியது.

mj;ij kUe;J

என்ன மொழி இது? படித்துச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் முடியாது என்றாவது எழுதுங்கள். பெரியவர் முப்பதாம் தேதி வருகிறார்.

இப்படிக்கு,
அண்ணி
(பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை)


18 ஜூன்

அண்ணி,

சிரித்த சிரிப்பில் பரிசோதனை நாற்காலியில் இருந்த தாத்தா ஒருவர் தனக்குக் கண்ணே போய்விட்டது என்று பயந்துவிட்டார்.

அது தமிழ்தான்! உங்கள் தமிழேதான்!

நீங்கள் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் தட்டச்சுப் பழகினவர். அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் விசை அட்டவணையை ஒட்டி வைத்து நீங்களாகவே கற்றுக்கொண்டீர்களே, அது. அந்த முறையில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியவே தெரியாது. நீங்கள் m அழுத்தினால் அது m என்றுதான் உள்ளே வைத்துக்கொள்ளும். மேலே ‘அ’ என்று ஒரு முகமூடி போட்டுக் காட்டும், அவ்வளவுதான். இயங்குதளத்தை நான் மாற்றியபோது அந்த முகமூடி கழன்றுவிட்டது. எழுதியது ஒன்றும் அழியவில்லை. என் தப்புதான், பார்த்திருக்க வேண்டும். ஆனால் வேண்டுமென்று செய்ததில்லை.

நம்பிக்கை வராது, தெரியும். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். விசைப்பலகை முன்னால் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல், அந்தக் குப்பையில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். உங்கள் கண்ணுக்குத்தான் அது தெரியாது. விரலுக்குத் தெரியும்.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் பழைய எழுத்துரு இருக்கிறது. அதைப் போட்டு, கணக்கு மென்பொருளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுத்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும். வேறு எதுவும் அதில் இல்லை, உங்கள் சாமி மேல் ஆணை. உங்கள் சாமி என்றதால் பயந்துதான் சொல்கிறேன்.

வாலு


22 ஜூன்

வாலு,

விரலுக்குத் தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினேன். மூன்றாவது எழுத்துக்கே என்ன வரி என்று தெரிந்துவிட்டது. அத்தை மருந்து. அடுத்த வரி பால். அடுத்தது மின்சாரம். அத்தனை வருஷமும் அங்கேயே இருக்கிறது. எழுந்து போய் விளக்கேற்றி விழுந்து கும்பிட்டேன். உன் பென் டிரைவையும் சாமிக்கு முன்னால் வைத்தேன். இன்னும் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று சொல்கிறேன், கேள்.

என் வரிகளை விரலால் படித்துக்கொண்டே வந்தேனா, வலது ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி உண்டு. நான் அதைத் தொட்டதே இல்லை. முன்பெல்லாம் அதில் சில இடங்களில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். பழைய கம்ப்யூட்டர், அழுக்குப்போல ஏதோ என்று விட்டுவிட்டேன். இப்போது அந்தக் கட்டங்களெல்லாம் எழுத்தாகிவிட்டன. நல்ல தமிழ், பளிச்சென்று. நான் எழுதியதெல்லாம் குப்பை, நான் எழுதாதது மட்டும் தமிழ்!

“பார்த்தேன். சரி.”

“பார்த்தேன். சரி.”

“ரசீது இல்லை.”

“இரண்டு வாங்கினாள். ஒன்று எழுதினாள்.”

பக்கம் பக்கமாக இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடமாடிப் போன காலடி போல. என் அரிசியையும் சோப்பையும் யாரோ எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ‘எழுதினாள்’ என்றிருக்கிறது. நான்தான் அந்த ‘ஆள்’.

இந்தக் கணக்கு மென்பொருளைப் போட்டுக்கொடுத்தது நீ. தூரத்தில் இருந்தே இதற்குள் வரும் வழி உனக்குத்தான் தெரியும். “யாரு பார்த்தா?” என்று உன் பெரியண்ணன் கேட்டாராமே. நீதான் பார்த்தாயா? அவருக்காகப் பார்த்தாயா? எழுத்துரு விஷயத்தில் நீ சொன்னது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு உண்மையைச் சொல்லி இன்னொன்றை மறைப்பவர்களும் உண்டு.

உடனே பதில் போடு. ‘நீங்கள்’ என்று ஆரம்பித்து எழுதினேன். கை வரவில்லை, கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அண்ணி


25 ஜூன்

அண்ணி,

நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, கடிதத்தை மேசையில் வீசிவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்து அந்த வரிகளை மறுபடி பார்த்தேன். வாய்விட்டுப் படித்தேன்.

நீங்களும் வாய்விட்டுப் படியுங்கள். “பார்த்தேன். சரி.” யார் குரல்?

சின்ன வயதில் லீவு விட்டால் அம்மா வேலை பார்க்கும் ரயிலில் எங்களையும் கூட்டிக்கொண்டு போவாள். டிக்கெட்டை வாங்குவாள், திருப்பிப் பார்ப்பாள், கொடுப்பாள். ஒவ்வொருத்தரிடமும் அதே இரண்டு வார்த்தை. நாங்கள் மார்க் அட்டையைக் காட்டினாலும் அதேதான். கல்யாணத்துக்கு அண்ணன் உங்கள் போட்டோவைக் காட்டியபோதும் அதையேதான் சொன்னாள்.

இன்னொன்று, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பென்ஷன் வந்துவிட்டதா என்று மாதாமாதம் எனக்குப் போன் செய்து நச்சரித்தாள் என்று, ஒரு முறை வந்தபோது அதே கணக்கை அவள் போனிலும் போட்டுக்கொடுத்தேன். போனில் எழுதினால் கம்ப்யூட்டருக்கு வரும், கம்ப்யூட்டரில் எழுதினால் போனுக்குப் போகும். அவள் வெறும் பென்ஷன் வரியைத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். உங்களிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு.

அவள் போனில் அந்தப் பழைய எழுத்துரு கிடையாது. அதனால் நீங்கள் எழுதுவது அவளுக்கு எப்போதுமே குப்பையாகத்தான் தெரிந்திருக்கும். தொகை மட்டும்தான் தெரியும். எதற்கு என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, உங்களிடமே கேட்பது.

இன்னைக்கு என்ன வாங்கினே? எங்கே, காட்டு.

அண்ணி, அது சீட்டு விளையாட்டு இல்லை.

வாலு


2 ஜூலை

வாலுவுக்கு,

கடவுள் அருளால் நலம். எல்லாரும், கம்ப்யூட்டரும்.

உன் கடிதம் வந்ததும் அத்தையிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். அதோடு, உன்னை முழுசாக நம்பிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு சோதனை செய்தேன். சோப்பு வாங்கி வந்து கணக்கில் எழுதிவிட்டு, கம்ப்யூட்டரை மூடாமல் சமையலறைக்குப் போனேன். “இன்னைக்கு என்ன வாங்கினே?” “சோப்பு, அத்தை.” “எங்கே, காட்டு.” காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்கள், போனை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்க்கிறேன், வந்துவிட்டது.

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக ஒரே கூரையின் கீழே என்னை நம்பாமல் ஒருவர் எண்ணியிருக்கிறார். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அன்று பிரார்த்தனையில் அதைச் சாமியிடம் கொட்டினேன். கொட்டிக்கொண்டு இருக்கும்போதுதான் வேறொன்று தோன்றியது. உன் பென் டிரைவைச் சாமிக்கு முன்னாலேயே விட்டுவிட்டேன். முதலில் சந்தேகத்தால் போடவில்லை. பிறகு, போட்டால் ஓரத்து வரிகள் மறுபடி கட்டமாகிவிடுமோ என்று யோசித்துத்தான் போடவில்லை.

பெரியவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, “கணக்கு தயாரா?” கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். உன் சின்னண்ணன் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார், வழக்கம்போல.

“என்னம்மா இது? ஒரு எழவும் புரியலையே. பித்தலாட்டமா பண்றீங்க?”

“நான் எழுதினது உங்களுக்குப் புரியாது. நான் எழுதாதது ஓரத்துல இருக்கு. அதைப் படிங்க, சத்தமா.”

படித்தார். “பார்த்தேன். சரி... பார்த்தேன். சரி... என்ன இது, யாரு பார்த்தது?” அத்தை கட்டிலை விட்டு எழுந்து வந்து அவர் முதுகுப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். அவர் வேகமாக இறங்கிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

“இரண்டு வாங்கினாள், ஒன்று எழுதினாள்! பார்த்தியாடா தம்பி? நான் சொன்னேன்ல?”

அத்தை சொன்னார்கள்: “போர்வை. எனக்கொண்ணு, அவளுக்கொண்ணு. எனக்கு வாங்கினதைத்தான் என் கணக்குல எழுதினா. அவளுதை அவ கணக்குல எழுதினா. ரெண்டையும் நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு வாங்கினதுதான் தடிப்பு.”

“அம்மா, நீயா எழுதினே இதெல்லாம்?”

“என் பென்ஷன். நான் பார்க்காம யாரு பார்ப்பா? நீயா? நிறுத்தாதே, படி.”

அதற்குப் பிறகு நிறுத்த அவருக்கு வழி இல்லை. சரி, சரி என்று படித்துக்கொண்டே போனவர் போன வருஷத்து வரி ஒன்றில் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அத்தை கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்துத் தானே படித்தார்கள், பழைய ரயில் குரலில்:

“பெரியவன் பழம் கொண்டுவந்தான். பழக்காரன் வாசலில் நின்றான். இவள் காசு கொடுத்தாள். பார்த்தேன்.”

“சில்லறை இல்லேன்னு சொன்னேன்மா...”

“அதான் ‘சரி’ போடலை.”

செய்தித்தாள் குலுங்கியது. உன் சின்னண்ணன் அதற்குள்ளே முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்!

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார் பெரியவர். இல்லம் என்ற பேச்சை எடுக்கவே இல்லை. வாசலில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். அத்தை, “என் கட்டில் இங்கேதான்” என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு. பழத்துக்கான பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வரவில் எழுதிவிட்டேன்.

அவர் போன பிறகு உன் பென் டிரைவைப் போட்டு, நீ சொன்னபடியே செய்தேன். முகமூடி திரும்ப வந்துவிட்டது, என் எழுத்தெல்லாம் தமிழாகிவிட்டது. பயந்தபடி அத்தையின் வரிகள் கட்டமாகிவிடவில்லை, இரண்டும் தெரிகிறது. உன் புது இயங்குதளத்துக்கு அந்த அளவு புத்தி இருக்கிறது. உன்னைச் சந்தேகப்பட்டேன் வாலு. நீயும் என்னைச் சந்தேகப்பட்டாய். அடுத்த முறை வரும்போது நேரில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அத்தையிடம் வாயால் நன்றி சொல்ல எனக்கு வரவில்லை, அவர்களுக்கும் கேட்க வராது. அதனால் கணக்கில் புதிதாக ஒரு வரி போட்டேன். அவர்கள் போனிலும் தெரியட்டும் என்று, தொகை பூஜ்யம் போட்டுவிட்டு, நான் ஒருநாளும் தொடாத அந்தக் குறிப்புப் பத்தியில் எழுதினேன். முகமூடி இல்லாத புதுத் தமிழில், ஒவ்வொரு விசையாகத் தேடி: “அத்தைக்கு நன்றி.”

காய்கறி நறுக்கி முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன். அதற்குப் பக்கத்திலேயே பதில் வந்திருந்தது.

“ரசீது இல்லை.”

அண்ணி